அளவெடுத்துக் கட்டும் சைக்கிள்

(திருச்செந்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சைக்கிளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். டயர், செயின், பெடல், பிரேக் எதையும் இன்று நான் தொடப்போவதில்லை. பிரேமைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுவும் கடையில் வாங்குகிற பிரேம் அல்ல. வீட்டுப் பின்கட்டிலோ தெரிந்தவர் பட்டறையின் ஓரத்திலோ எஃகுக் குழாயை அறுத்து, அராவி, பித்தளை வைத்து ஊதி, ஒரு மனிதரின் கால் அளவுக்குக் கையால் கட்டுகிற பிரேம். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உலகத்தில் உண்டு. வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைக்காகச் செய்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. இந்த வேலை நம் தாமிரபரணிக் கரையில் வேரூன்ற வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கான காரணத்தை முதலில் ஒரு கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே தள்ளி இறுக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உள்கால் அளவு. அதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சின், அதாவது இரண்டு பெடல் தண்டுகளும் சுழலும் நடு அச்சின், மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கீமாரும் அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்டும் 1980களில் பரப்பிய கணக்கு இது. பிரேமின் உயரத்துக்கு 0.65 ஆல் பெருக்குவது வழக்கம். நம் பக்கத்து ஆண் ஒருவருக்கு உள்கால் 76 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிரேம் 49 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய பத்தொன்பதரை இஞ்ச் வரவேண்டும். ஆனால் நம் அப்பாமார் ஓட்டியது என்ன? 22 இஞ்ச், சிலர் 24 இஞ்ச். 22 இஞ்ச் பிரேம் இந்தக் கணக்குப்படி 86 சென்டிமீட்டர் உள்கால் உள்ளவருக்கு உரியது. ஆறடியை ஒட்டிய ஆளின் கால் அது.

இந்தப் பெருக்கல் பந்தய வண்டிக்காகச் சொன்னது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம் கறுப்பு ரோட்ஸ்டருக்கு அப்படியே பொருந்தாது என்று இங்கே இருக்கும் சைக்கிள் கடை அண்ணாச்சிமார் சொல்வீர்கள். சரிதான். அதற்காக இரண்டரை இஞ்ச் வித்தியாசம் மறைந்துவிடாது. சீட்டைக் கடைசி வரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். முப்பது வருடம் கருப்பட்டி மூட்டையும் மீன் கூடையும் ஏற்றி அப்படியே மிதித்தவர்களின் இடுப்புக்கு அது தெரியும். பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒடித்து ஓட்டியதைக் குரங்குப் பெடல் என்று கொண்டாடுகிறோம். 2024இல் அந்தப் பெயரிலேயே படமும் வந்தது. எனக்கும் அந்த நினைவு பிடிக்கும். ஆனால் பிள்ளை உயரத்துக்கு ஒரு வண்டி வீட்டில் இல்லை என்பதுதான் அதன் அடியில் இருக்கும் உண்மை.

பெண்கள் விஷயம் இன்னும் தெளிவு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் பெரிய இயக்கமாகவே நடத்தினார். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் தயங்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களின் தேவை எவ்வளவு துல்லியமானது பாருங்கள். குட்டையான கால், முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம். இந்த மூன்றையும் ஒன்றாக மனதில் வைத்து ஒரு பிரேமை யாராவது வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? என்னை இந்த வேலைக்குள் இழுத்த கேள்வி இதுதான்.

தொழிற்சாலையை நான் குறை சொல்லவில்லை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. சைக்கிளுக்கான குழாயே தமிழ்நாட்டில் உருவாகத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் ஏழை வீட்டு வாசலுக்கும் வந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லாச் சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. லட்சக்கணக்கில் செய்யும்போது ஆண்பிள்ளைக்கு ஒரு மாதிரி, பெண்பிள்ளைக்கு ஒரு மாதிரி என்றுதான் செய்ய முடியும். ஒவ்வொரு உடம்பையும் அளக்கத் தொழிற்சாலையால் முடியாது. கையால் கட்டுகிறவரால் முடியும்.

சைக்கிள் பிரேமின் வடிவம் வெகு சீக்கிரம் முடிவாகிவிட்டது. 1885இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு முக்கோணம் சேர்ந்த இன்றைய வடிவம் நிலைத்தது. 1897இல் ரெனால்ட்ஸ் என்பவர் ஒரு குழாய்க்குக் காப்புரிமை எடுத்தார். வெளியே ஒரே தடிமனாகத் தெரியும். உள்ளே இரண்டு முனைகளில் சுவர் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். மூட்டு வருகிற இடத்தில்தான் நெருப்பும் படும், பாரமும் சேரும். குழாயின் நடுப்பகுதிக்கு அவ்வளவு இரும்பு தேவையில்லை. எங்கே தேவையோ அங்கே மட்டும் இரும்பு! 1935இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 என்ற குழாயை வெளியிட்டது. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் எஞ்சின் தாங்கிக்கும் அந்தக் குழாயைத்தான் எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் வாரக் கடைசியில் சைக்கிள் ஓட்டும் சங்கங்களைச் சேர்ந்த தொழிலாளிகள், தெருமுனைப் பட்டறையில் அளவு கொடுத்துப் பிரேம் கட்டிக்கொள்வது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வழக்கமாக இருந்தது. லண்டன் ஹெட்சின்ஸ் பட்டறையில் மூட்டு வளையங்களைக் கொடியும் சுருளுமாக அராவினார்கள். பின்கால் குழாய்களை அலையாக வளைத்தார்கள். ஜப்பானில் 1948இல் கோகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் பார்வையாளர்கள் பணம் கட்டி விளையாடுகிறார்கள். அதனால் எல்லா வீரர்களுக்கும் சமமான வண்டி வேண்டும் என்று, ஆண்கள் பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்கள் கட்டிய எஃகுப் பிரேமையே இன்னமும் வைத்திருக்கிறார்கள். உலகம் கார்பனுக்குப் போன பிறகும் அங்கே ஒரு தலைமுறைக்கு இந்த வேலை தெரிந்திருப்பது அந்த விதியால்தான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பிரேம் கட்டச் சொல்லித்தரும் பள்ளியே இருக்கிறது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் விடுப்பு எடுத்து வந்து கற்றுக்கொண்டு, கட்டிய பிரேமோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

இங்கிருந்து திருநெல்வேலி சாலையில் போனால் ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஆதிச்சநல்லூர். நூறு வருடங்களுக்கும் முன்பு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது இரும்பு வாளும் ஈட்டிமுனையும் குவியலாக வந்தன. பக்கத்தில் சிவகளை. அங்கே இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இந்தப் பெருமையை எடுத்து இன்றைய பட்டறைக்கு நேராகக் கோடு இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஐயாயிரம் ஆண்டு இடைவெளியைப் பேச்சால் தாண்டக்கூடாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அருகில் இருக்கிற விஷயங்கள். நாசரேத்தில் 1878இலேயே கிறிஸ்தவ மிஷனரியான மர்காஷிஸ் ஐயர் கைத்தொழில் பள்ளி தொடங்கினார். அம்பாசமுத்திரம் பக்கம் வாகைகுளத்தில் வெண்கலப் பாத்திரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கடைத்தெருவிலும் தங்க ஆசாரி இருக்கிறார். அவர் வெங்காரத்தைத் தடவி, பற்றாசை வைத்து, ஊதுகுழலால் ஊதி ஒட்டுகிறாரே, எஃகுப் பிரேமை ஒட்டுவதும் அதே வேலைதான். உலோகம்தான் வேறு, அளவுதான் பெரிது. வெங்காரம் அங்கும் இங்கும் ஒன்றே.

சைக்கிள் கடையைச் சொல்லவே வேண்டாம். பார் உடைந்தால், பின்கால் விட்டால், கேஸ் வெல்டிங் வைத்துப் பித்தளைக் கம்பியை ஓடவிட்டு, அராவிக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பவரின் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வு தெரியும். லேத் பட்டறை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டரும் ஃபிட்டரும் படித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிரேம் கட்டத் தேவையான ஒவ்வொரு வேலையும் தனித்தனி ஆளிடம் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரேமை முழுதாக முதலிலிருந்து கட்டுவது மட்டும்தான் பாக்கி. உடைந்ததை ஒட்டுவது நம் வேலை, புதிதாகக் கட்டுவது தொழிற்சாலையின் வேலை என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

சரி, எப்படிக் கட்டுவது?

முதல் வேலை சுவரில் நடக்கும். முழு அளவில் வரைய வேண்டும், சின்னதாக அல்ல. ஒரு ஒட்டுப்பலகையில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, சக்கரத்தின் இரண்டு மையங்களையும் பெடல் அச்சின் மையத்தையும் குறித்து, அங்கிருந்து சீட் பைப்பை 73 பாகைக்குச் சாய்த்து வரையுங்கள். தொடை குட்டையாக இருந்தால் 74. பிறகு ஓட்டுபவரின் கையும் முதுகும் சொல்கிற நீளத்துக்கு மேல் பார். உயரம் குறைந்தவர்களுக்குக் கட்டும்போது ஒரு சிக்கல் வரும். மேல் பார் குறுகினால் முன்சக்கரம் பின்னால் நெருங்கும். வண்டியைத் திருப்பும்போது செருப்பு நுனி டயரில் இடிக்கும். அதற்காகப் பாரை நீட்டிவிடாதீர்கள், சக்கரத்தைச் சிறிதாக்குங்கள். 26 இஞ்ச் சக்கரம் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் ஒரே சக்கரத்தை எல்லா அளவுக்கும் போடுவதால்தான் குட்டையானவர்களின் வண்டி கோணலாகிறது.

ஹேண்டில் திரும்பும் ஹெட் பைப்பின் சாய்வும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கின் முன்வளைவும் சேர்ந்துதான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஹெட் பைப்பின் அச்சைத் தரை வரை நீட்டினால் அது தொடுகிற புள்ளிக்கும் டயர் தரையைத் தொடுகிற புள்ளிக்கும் இடையே ஒரு தூரம் இருக்கும். சக்கர ஆரம் 340 மில்லிமீட்டர், ஹெட் பைப் 73 பாகை, போர்க் வளைவு 45 மில்லிமீட்டர் என்றால் அந்தத் தூரம் 57 மில்லிமீட்டர் வரும். இது கூடினால் வண்டி நேராக ஓட ஆசைப்படும். குறைந்தால் சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று உங்களுக்குத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு வரும்போது முதுகில் தள்ளும், திரும்பிப் போகும்போது நெஞ்சில் அறையும். அந்தச் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு நான் கட்டினால் ஹேண்டிலைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவேன். தேரிக்காட்டுச் செம்மண் பாதையில் போகிறவருக்கு அகல டயர் நுழையும்படி பின்கால்களுக்கு நடுவே இடம் விடுவேன். தாமிரபரணிச் சமவெளியில் ஒரு வண்டியைக் கட்டுவது என்றால் இதையெல்லாம் யோசிப்பதுதான்.

அடுத்தது குழாய். பழைய அளவுகள் நம் பட்டறைக் கணக்கிலேயே இருக்கின்றன. மேல் பார் ஒரு இஞ்ச். சீட் பைப்பும் கீழ் பாரும் ஒரு இஞ்ச் ஒரு நூல், அதாவது ஒரு இஞ்சும் அரைக்காலும். ஹெட் பைப் ஒண்ணேகால் இஞ்ச். குரோம்-மாலிப்டினம் எஃகு கிடைத்தால் நல்லது. சாதா எஃகைவிட அது வெகுவாகத் தாங்கும், அதனால் சுவரை மெல்லியதாக்கலாம். 16 கேஜ் ஒரு இஞ்ச் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 940 கிராம். 20 கேஜ் என்றால் 545 கிராம். ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். விலை உயர்ந்த எஃகு குறைவாக வளையும் என்று. எல்லா எஃகும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளையும். உடைவதிலும் நிரந்தரமாகக் கோணுவதிலும்தான் வித்தியாசம். வளையக்கூடாது என்றால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். ஒரு இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் ஒரு நூலுக்குப் போனால் எடை பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம்தான் கூடும், விறைப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். பின்னால் பால் கேன் கட்டுகிறவர் வண்டியில் பாரை விட்டத்தில் பெரிதாக்குங்கள், சுவரைக் கனமாக்காதீர்கள்.

ஜி.ஐ. பைப் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் சூட்டில் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் அடிக்கும். குரோம் முலாம் பூசியதும் வேண்டாம். வெள்ளிப் பற்றாசு வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலைக் கொல்லும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

இப்போது இந்த வேலையின் உயிரான இடத்துக்கு வருகிறேன். நெருப்பு அல்ல, அரம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்டை உடம்பில் போய் உட்கார வேண்டும். அதற்கு முனையை மீன்வாய்போல் வளைவாக வெட்ட வேண்டும். காகிதத்தில் வளைவை வரைந்து குழாயில் சுற்றி ஒட்டி, ஹேக்ஸாவால் தோராயமாக அறுத்து, அரைவட்ட அரத்தால் அராவி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி அராவி… வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூட்டில் ஒளி ஒழுகக்கூடாது. இது எந்திரம் இல்லாமல் செய்யக்கூடிய வேலை. பொறுமை இல்லாமல் செய்யவே முடியாத வேலை. வெல்டிங் தெரிந்த தம்பிகள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். இடைவெளி இருந்தால் என்ன, கம்பியை உருக்கி அடைத்துவிடலாம் என்று. ஜன்னல் கிரில்லுக்கு அது சரி. பிரேமில் அப்படி அடைத்த மூட்டு ஒருநாள் விட்டுவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். பித்தளை வைத்து ஒட்டும்போது எஃகு உருகுவதில்லை. எஃகு உருக ஏறக்குறைய 1500 பாகை வேண்டும். பித்தளை 900 பாகையை ஒட்டி ஓடும். நகை ஆசாரி வைப்பது போன்ற வெள்ளிப் பற்றாசு 650 பாகைக்கே ஓடும். லக் என்று சொல்கிற மூட்டு வளையத்துக்கும் அதற்குள் நுழைந்திருக்கும் குழாய்க்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். உருகிய வெள்ளி அந்த இடுக்கில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, தானாக ஏறிப் பரவும். இடைவெளி பெரிதானால் ஏறாது. ஒரு பக்கத்தில் கம்பியைக் கொடுத்து மறுபக்கத்தில் ஒரு மின்னும் கோடாக அது எட்டிப் பார்க்கும்போது மூட்டு முழுதும் நிறைந்துவிட்டது என்று தெரியும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது. எத்தனை பிரேம் கட்டினாலும் அந்தக் கோடு வந்ததும் என் நெஞ்சு நிறைந்துவிடும்.

சூட்டைக் கண்ணால்தான் அளக்கிறோம். வெள்ளிக்கு மங்கிய சிவப்பு, பித்தளைக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள். வெயிலில் அந்த நிறம் தெரியாது, நிழலில் செய்யுங்கள். கடற்காற்று ஊதுகிற ஊர் இது. தீயை ஒரு பக்கம் இழுத்துவிடும், மறைப்புக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பியைத் தீயில் உருக்கி மேலே சொட்டவிடக் கூடாது. எஃகைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் கம்பி உருக வேண்டும். பெடல் அச்சு உட்காரும் கனமான பி.பி. ஷெல்லைக் கூடுதலாகவும் மெல்லிய குழாயைக் குறைவாகவும் காட்டுங்கள். ஒட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். குரோம்-மாலிப்டினம் திடீரென்று குளிர்ந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். தானாக ஆறட்டும். ஆறிய பிறகு வெங்காரம் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தட்டி எடுங்கள். கொஞ்சம் தங்கினாலும் பெயிண்டுக்கு அடியில் துரு அங்கேயே தொடங்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் சீட் பைப்பை பி.பி. ஷெல்லில் செங்குத்தாக ஒட்டுங்கள். மற்ற எல்லா அளவும் அதை நம்பித்தான் நிற்கின்றன. பிறகு முன்முக்கோணம், அதற்குப் பின் செயினை ஒட்டிய கீழ்க்கால்கள், கடைசியாக மேல்கால்கள். ஷெல்லில் மரை போடும்போது வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், இடது மரை. மிதிக்க மிதிக்க கப் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படி. ஒவ்வொரு மூட்டு முடிந்ததும் கோணல் பாருங்கள். விலை உயர்ந்த அச்சுச் சட்டம் வேண்டாம். பின்சக்கரம் மாட்டும் ஒரு காதில் நூலைக் கட்டி, ஹெட் பைப்பைச் சுற்றி, மறுகாதுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் பைப்பிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் பிரேம் நேரா கோணலா என்று சொல்லிவிடும். விபத்தில் மாட்டிய வண்டியை நம் மெக்கானிக்குகள் இப்படித்தான் பார்த்துவந்தார்கள். லட்சக்கணக்கில் செலவிடும் பட்டறைகளிலும் கடைசியில் இந்த நூலைக் கட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு.

போர்க் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும். பிரேமில் ஒரு மூட்டு விடத் தொடங்கினால் கிறீச்சிடும், பெயிண்ட் வெடிக்கும், வண்டி ஆடும். நமக்குத் தெரிந்துவிடும். போர்க் விட்டால் சொல்லாமல் விடும், ஆள் முகத்தோடு தரையில் போவார். ஆகவே முதல் சில வண்டிகளுக்குப் போர்க்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கேற்ற சாய்வில் பிரேமை வரையுங்கள். மூட்டைப் பார்க்காமலே நம்புகிற அளவுக்குக் கை வந்த பிறகு போர்க்கைத் தொடலாம். இதில் ஆர்வத்துக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

துரு விஷயம் நம் ஊருக்கே உரியது. புன்னைக்காயலிலிருந்து மணப்பாடு வரை உப்புக் காற்று. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளமும் சேர்ந்துகொள்கிறது. வெளியே பெயிண்ட் அடிக்கிறோம், ஆனால் குழாய் உள்ளே இருந்து அரிக்கிறது. சூடாகும்போது காற்று வெளியேற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறு துளை போட வேண்டும் என்பது ஒட்டும் வேலைக்கே தேவை. அதே துளைகள் வழியாகக் கடைசியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடியவிடுங்கள். அது உள்ளே மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பி.பி. ஷெல்லுக்கு அடியில் ஒரு வடிகால் துளையும் வேண்டும். மழைத் தண்ணீர் சீட் பைப் வழியாக இறங்கி அங்கேதான் தேங்கும். பழைய வண்டிகள் பெரும்பாலும் உளுத்துப்போவது அந்த இடத்தில்தான்.

பொருளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காயலான் கடையில் தொடங்குங்கள். ஒடிந்த ரோட்ஸ்டரின் லக்குகளையும் பி.பி. ஷெல்லையும் சூடாக்கிப் பிரித்து எடுத்துச் சுத்தம் செய்தால் மறுபடி உழைக்கும். முதல் மாதங்களில் வண்டியே கட்டாதீர்கள். துண்டுக் குழாய்களை மட்டும் ஒட்டுங்கள். ஒட்டியதை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, பற்றாசு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். மேலே அழகாகத் தெரிந்த மூட்டு உள்ளே பாதி காலியாக இருப்பதும் உண்டு. பொய் மூட்டு. அறுத்துப் பார்க்காமல் அது தெரியவே தெரியாது.

இதை விற்கலாமா, வருமானம் வருமா என்று வரும்போதே வாசலில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. முதலில் கட்டியதை நீங்களே ஓட்டுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். மூட்டு ஓரங்களில் பெயிண்ட் வெடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவருக்குக் கட்டுங்கள். அம்மாவுக்கோ தங்கைக்கோ, கடைச் சைக்கிள் எதிலும் கால் எட்டாத ஒருவருக்கு. அடுத்தவர் உடம்பை அளந்து, அவர் தினமும் எந்தச் சாலையில் எதைச் சுமந்து போகிறார் என்று கேட்டுக் கட்டும்போது வருகிற பொறுப்பு வேறு. காசு வாங்குவதைப் பற்றி அதற்குப் பின் யோசிக்கலாம். வாங்காமலே இருந்தாலும் இந்த வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பேசியது போதும். இந்த மேசையில் அறுத்துத் திறந்த மூட்டுகள் வைத்திருக்கிறேன். எல்லாம் என் கையால் ஒட்டியவை. எது நிறைந்தது, எது பொய் மூட்டு என்று நான் குறிக்கவில்லை. எடுத்துப் பாருங்கள், நீங்களே பிரித்து வையுங்கள். கேள்விகளை அங்கே நின்று பேசிக்கொள்வோம்.